நிழலறைச் சுண்ணாம்பு

அந்த வருஷம் மே மாதம் வெயில் சங்கு ஊதியபோது வசந்தாமணி சாயப்பட்டறையின் சோதனை அறையில் இருந்தாள். தொட்டியிலிருந்து எடுத்துவரும் சாயத்தண்ணீரில் காரம் எவ்வளவு, அமிலம் எவ்வளவு என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. காரம் குறைந்தால் சாயம் துணியில் பிடிக்காது, கூடினால் திட்டுத்திட்டாகிவிடும். வேதியியல் படித்ததும் கரூரில்தான், வேலை கிடைத்ததும் கரூரில்தான். சங்குச் சத்தம் கேட்டதும் மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

சங்கு ஊதினால் வெளியே வெயில் ஐம்பது டிகிரியைத் தாண்டப் போகிறது, சில நாட்களுக்கு இறங்காது என்று அர்த்தம். ஓட்டு வீடானாலும் தளம் போட்ட வீடானாலும் அந்தச் சூட்டில் உள்ளே கிடந்தால் பிழைக்க முடியாது. அமராவதிக் கரையில் பாதி தரைக்குள் புதைத்துக் கட்டியிருந்த நிழலறைக்குப் போய்விட வேண்டும். குடியிருப்பில் உள்ள அத்தனை பேருக்கும் அங்கே பாய் விரிக்க இடம் உண்டு. வெளிக்காற்றை இழுத்துக் குளிர்விக்கும் அளவுக்கு மின்சாரம் கிடையாது என்பதால் கதவை இறுக்கி மூடிவிட்டு, உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விப்பார்கள். மனிதர்கள் விடும் மூச்சில் கரியமில வாயு இருக்கிறதே, அதை வாங்கிக்கொள்ளச் சுவருக்குள் தட்டுத்தட்டாகச் சுண்ணாம்புக் குருணை அடுக்கியிருந்தார்கள். அந்த வாயு ஈரத்தில் பட்டால் அமிலம், சுண்ணாம்பு காரம். இரண்டும் ஒன்றையொன்று தின்று வெறும் சாக்குக்கட்டியாக மாறிவிடும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் தெரிந்த விஷயம்தான்.

வசந்தாமணி, அவள் கணவன் வேலுச்சாமி, பத்து வயது மகள் மிதுனா மூன்று பேரும் வாசலுக்குப் போனபோது நர்ஸ் எஸ்தர் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொருவரும் மாத்திரையை வாயில் போட்டு, அவள் தரும் தண்ணீரைக் குடித்து, வாயைத் திறந்து காட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அமைதி மாத்திரை என்று பெயர். அது வந்த முதல் வருஷத்தில் எஸ்தர் குடியிருப்பு மக்களை உட்காரவைத்து விளக்கியிருந்தாள்.

"மூடின அறைக்குள்ள இருந்தா நம்ம ரத்தம் துளியூண்டு புளிச்சுப் போகும். மூளைக்குள்ள ஒரு எடத்துக்கு அந்தப் புளிப்பு தெரியும். தெரிஞ்சவுடனே ஓடு ஓடுன்னு கத்தும். அதைத்தான் நாம பயம்ங்கறோம். இந்த மாத்திரை அந்த எடத்தோட நாக்கைக் கட்டிப்போடுது. வேற ஒண்ணும் பண்ணாது."

மாத்திரை வந்ததற்குக் காரணம் இருந்தது. இரண்டு கோடைக்கு முன்னால் ஆற்றுக்கு அக்கரையில் இருந்த நிழலறையில், மூச்சு முட்டுகிறது என்று சொல்லி ஜனங்கள் அடித்துப்பிடித்துக் கதவை உடைத்துவிட்டார்கள். அனல் உள்ளே புகுந்து குளிர் எந்திரம் நின்றுபோய், வயதானவர்களில் பாதிப்பேர் அங்கேயே செத்துப்போனார்கள். பீதிதான் காரணம் என்று விசாரணையில் சொன்னார்கள். அதற்குப் பிறகு எல்லா நிழலறைகளிலும் மாத்திரை கட்டாயமானது. காற்றில் வாயு எவ்வளவு என்று காட்டும் பலகைகளையும், எண்ணைப் பார்த்து ஜனங்கள் பயப்படுகிறார்கள் என்று கழற்றிவிட்டார்கள்.

கைக்குழந்தைகளுக்கும் இளைப்பு உள்ளவர்களுக்கும் மட்டும் மாத்திரை கூடாது. வசந்தாமணிக்கு இளைப்பு. அவள் மணிக்கட்டில் பச்சைப் பட்டை ஒன்றைக் கட்டி, கதவுக்குப் பக்கத்தில் காவலர் நாச்சிமுத்துவின் கண்பார்வையில் இடம் கொடுத்தார்கள். அதைப் பயந்தாங்கொள்ளிப் பட்டை என்று குடியிருப்பில் கேலி பேசுவார்கள். வேலுச்சாமியும் பேசுவான். அவளுக்கு அது பழகிப்போயிருந்தது.

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாள் மதியச் சாப்பாடு முடிந்து பெண்கள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது வசந்தாமணிக்கு நெற்றிப்பொட்டில் வலி ஆரம்பித்தது. மூச்சை எவ்வளவு ஆழமாக இழுத்தாலும் போதவில்லை. இளைப்புதான் வருகிறது என்று நினைத்து இன்ஹேலரை எடுத்து அடித்துக்கொண்டாள். இளைப்பு என்றால் நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். இப்போது விசில் இல்லை. காற்று தாராளமாக உள்ளே போனது, வெளியே வந்தது, ஆனாலும் யாரோ தலையணையை முகத்தில் வைத்து அழுத்துவதுபோல் இருந்தது. காரணம் தெரியாமல் எழுந்து ஓட வேண்டும்போல் இருந்தது. கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதை அவள் சற்றுத் தாமதமாகத்தான் கவனித்தாள்.

அப்போதுதான் குழந்தைகளின் அழுகை அவள் காதில் விழுந்தது. ஒரு குழந்தை அல்ல, அறையில் இருந்த கைக்குழந்தைகள் எல்லாமே அழுதுகொண்டிருந்தன. பசி அழுகை இப்படி இருக்காது. பக்கத்துப் பாயில் துளசி தன் ஆறு மாதப் பெண் குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை முகம் சிவந்து, வேகவேகமாக மூச்சு வாங்கியது. துளசியும் அதே வேகத்தில்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. தலை லேசாக வலிக்கிறது அக்கா என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

வசந்தாமணி சுற்றிப் பார்த்தாள். எல்லா நெஞ்சுகளும் வேகமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. எல்லா முகங்களும் சிவந்து வியர்த்திருந்தன. சிலர் தாயம் ஆடினார்கள். சிலர் கண்ணைச் சொருகிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார்கள்.

நாச்சிமுத்துவிடம் போனாள். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். சுண்ணாம்புத் தட்டுகளைப் பார்க்கச் சுவரில் ஒரு கண்ணாடிச் சன்னல் இருந்தது. குருணையில் ஒரு சாயம் கலந்திருப்பார்கள். காரம் இருக்கும்வரை வெள்ளையாக இருக்கும், தீர்ந்தால் ஊதாவாக மாறும். நாச்சிமுத்து அவளைச் சன்னலுக்கு அழைத்துப்போய்க் காட்டினார். குருணை பால்போல வெள்ளையாக இருந்தது. நேற்று சாயங்காலம் ஊதா ஏறி வந்தது, மாற்றலாம் என்று இருந்தேன், இரவில் மின்சாரம் குறைந்து மின்விசிறி நின்றது, காலையில் பார்த்தால் தானாகவே வெளுத்துவிட்டது, அதனால் மாற்றவில்லை என்றார்.

வசந்தாமணி கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தாள். இந்தச் சாயங்களோடுதான் அவள் தினமும் மல்லுக்கட்டுகிறாள்.

"அது தானா சரியாகலீங்கண்ணா. காத்து ஓடாம சும்மா கெடந்தா உள்ள மிச்சம் இருக்கற கொஞ்சநஞ்ச காரம் மேல வந்து சாயத்தை வெளுக்க வெச்சுரும். பார்க்கப் புதுசாட்டத்தான் இருக்கும். உள்ள சத்து இருக்காது."

இருக்கலாம் அம்மிணி என்று அவர் தலையாட்டினார். அவள் கேட்டதும் தட்டை இழுத்து ஒரு கைப்பிடி குருணை எடுத்துக் கொடுத்தார். அவள் சமையல் மூலைக்குப் போய் மஞ்சள்தூள் வாங்கி வந்து, ஒரு தட்டில் தண்ணீர் விட்டுக் குருணையோடு குழைத்தாள். உயிருள்ள சுண்ணாம்பு பட்டால் மஞ்சள் ரத்தச் சிவப்பாக மாற வேண்டும். ஆரத்தி கரைக்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரியும். தட்டில் மஞ்சள் மஞ்சளாகவே கிடந்தது. ஓரத்தில் மட்டும் மங்கலாக ஒரு காவி ஏறியது, அவ்வளவுதான்.

மாற்றுச் சுண்ணாம்பு மூட்டைகள் பின்பக்கச் சாமான் அறையில் இருந்தன. அவளும் நாச்சிமுத்துவும் போய்ப் பார்த்தார்கள். எல்லா மூட்டையிலும் உள்ளுறையை எலி கடித்திருந்தது. போன கோடையிலிருந்து திறந்து கிடந்த சுண்ணாம்பு ஊர்க்காற்றைக் குடித்துக் குடித்து எப்போதோ சாக்குக்கட்டியாகிவிட்டது. மூட்டை மூட்டையாக மஞ்சள் கரைத்துப் பார்த்தாள். ஒன்றுகூடச் சிவக்கவில்லை. தொலைபேசியில் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டதற்கு, வெயில் இறங்கினால்தான் வண்டி வரும், மக்களை அமைதியாக வைத்திருங்கள் என்று பதில் வந்தது.

அவள் வேலுச்சாமியிடம் ஓடினாள். அவன் நண்பர்களோடு சீட்டு ஆடிக்கொண்டிருந்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. அவன் குறுக்கிடாமல் கடைசிவரை கேட்டான்.

"புரியுது மணி. சுண்ணாம்பு செத்துப்போச்சு. காத்து கெட்டுப்போச்சு. இப்படியே கெடந்தா நாமளும் செத்துருவோம். அதானே சொல்ற?"

"ஆமாங்க."

"சரி," என்றான் அவன். சீட்டுக்கட்டைக் கையில் எடுத்துக் கலைக்கத் தொடங்கினான். "இந்த ஆட்டம் முடியட்டும்."

அவன் கேலி செய்யவில்லை. அவள் சொன்னதை நம்பாமலும் இல்லை. அதுதான் அவளை அதிகமாக நடுங்கவைத்தது. அவள் அறையின் நடுவில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். கேட்டார்கள். பாவம், சரியாகத்தான் சொல்லுகிறாள் என்று ஒரு பெரியவர் சொன்னார். வெளியே போனால் வெயிலில் சாவோம், உள்ளே இருந்தால் இப்படிச் சாவோம் என்று இன்னொருவர் நிதானமாகக் கணக்குப் போட்டார். பாயிலிருந்து ஒருவரும் எழுந்திருக்கவில்லை. தெரிய வேண்டியது எல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எழுந்து நிற்கவைக்கும் ஒன்றுதான் இல்லை.

அவள் கதவில் போய் மோதினாள். தாழைப் பிடித்து இழுத்தாள். இரண்டு ஆண்கள் எழுந்து வந்து, கை வலிக்காதபடி பக்குவமாக அவளைப் பிடித்து உட்காரவைத்தார்கள். எஸ்தர் பக்கத்தில் முழங்காலிட்டு அவள் தலையைத் தடவினாள். நர்ஸுக்கும் நெற்றியெல்லாம் வியர்வை, மூச்சு வாங்கியது. உள்ளங்கையில் ஒரு மாத்திரை இருந்தது. இளைப்புக்கு ஆகாதுதான், ஆனால் இப்படித் தவிப்பதற்கு இது பரவாயில்லை என்று பிரியமாகச் சொன்னாள். மிதுனா வந்து அம்மாவின் மடியில் கை வைத்தாள். பிள்ளையின் உதடு காய்ந்து, கண் பாதி மூடியிருந்தது.

"அம்மா, ஒண்ணே ஒண்ணு போட்டுக்கம்மா. ஒண்ணுமே தெரியாது. நல்லா இருக்கும்."

ஒரு நொடி வசந்தாமணி அந்த மாத்திரையைப் பார்த்தாள். போட்டுக்கொண்டால் இந்த நடுக்கம் போய்விடும். மகளைக் கட்டிக்கொண்டு சிரித்தபடி படுத்துக்கொள்ளலாம். அந்த ஆசை உண்மையாகவே வந்தது என்று பின்னாளில் அவளே சொல்லியிருக்கிறாள்.

அப்போது அறை நிசப்தமானது. குழந்தைகள் ஒவ்வொன்றாக அழுகையை நிறுத்தியிருந்தன. கடைசியாக அழுதுகொண்டிருந்தது துளசியின் குழந்தைதான். அதுவும் நின்றது. தூங்கிட்டா அக்கா என்று துளசி மெல்லச் சொன்னாள். வசந்தாமணி பிடியை உதறிவிட்டுப் போய்க் குழந்தையைத் தொட்டாள். கையைத் தூக்கி விட்டால் துணிபோல விழுந்தது. மூச்சு இருந்தது, ஆனால் எழுப்பினால் எழவில்லை.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு நாச்சிமுத்துவின் முன்னால் போய் நின்றாள். சாவி அவர் இடுப்புக் கயிற்றில் இருந்தது. இந்த மனிதருக்குப் பயம் காட்ட முடியாது என்று அவளுக்குத் தெரியும். கெஞ்சினால் ஆறுதல் சொல்வார். அப்போது அக்கரையில் குடியிருந்தவர் அவர்; அந்த நிழலறையில் செத்தவர்களில் அவர் மனைவி பாப்பாத்தியும் ஒருத்தி. அதனால்தான் இந்தக் காவல் வேலையைக் கேட்டு வாங்கியிருந்தார்.

"கதவைத் தொறந்தா என்னாகும்னு கண்ணால பார்த்தவன் அம்மிணி நான்," என்றார் அவர். "பொழுது சாயட்டும்."

"அன்னைக்கு எதுக்குங்கண்ணா கதவை உடைச்சாங்க?"

"மூச்சு முட்டுதுன்னாங்க."

"அக்காவும் சொன்னாங்களா?"

"சொன்னா. நெஞ்சை அடைக்குது, தொறக்கச் சொல்லுங்கன்னு கையைப் புடிச்சுட்டு அழுதா. நாந்தான் சன்னல்கிட்டக் கூட்டிட்டுப் போயிக் காட்டினேன். வெசனப்படாத, வெள்ளையாத்தான் இருக்குதுன்னு." திரும்பி, கண்ணாடிக்குப் பின்னால் இருந்த குருணையைப் பார்த்தார். அவர் குரலில் அதிர்ச்சியோ துக்கமோ இல்லை. இரண்டும் இரண்டும் நாலு என்பதுபோல் சொன்னார். "வெள்ளையாத்தான் இருந்துச்சு."

பிறகு இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து அவளிடம் நீட்டினார்.

முன்கதவையும் சாமான் இறக்கும் பின்கதவையும் ஒன்றாகத் திறந்தார்கள். அனல் உலைவாய்போல உள்ளே அடித்தது. வசந்தாமணிக்கு முகத்தோல் வெந்ததுபோல் இருந்தது, ஆனால் மூச்சை அழுத்திய தலையணை விலகியது. எழுந்திருங்கள் என்று சொன்னால் யாரும் எழவில்லை என்பதால், தண்ணீர் எடு, பாயை நனை, தாத்தாவைப் பிடி என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை சொன்னாள். வேலை சொன்னால் செய்தார்கள். வேலுச்சாமி சீட்டை வைத்துவிட்டு வந்து குழந்தைகளை ஈரத்துணியில் சுற்றிக் காற்று வரும் இடத்தில் வரிசையாகப் படுக்கவைத்தான். துளசியின் குழந்தை கொஞ்ச நேரத்தில் முனகியது, பிறகு வீறிட்டு அழுதது.

கொஞ்சம் திறப்பது, மூடுவது, குளிர்ந்ததும் மறுபடி திறப்பது என்று பொழுது சாயும்வரை ஓட்டினார்கள். முன்கதவு காற்றில் அடித்துக்கொண்டே இருந்ததால் திறக்கும்போதெல்லாம் ஒருவர் வெளியே நின்று பிடிக்க வேண்டியிருந்தது. நாச்சிமுத்து அதைப் பிடித்துக்கொண்டார். போதும், ஆள் மாற்றலாம் என்று வசந்தாமணி பலமுறை கூப்பிட்டாள். ஒண்ணும் பண்ணல அம்மிணி, நல்லாத்தான் இருக்கேன் என்றார். வியர்வை நின்றுபோயிருந்ததை அவர் உணரவில்லை. உள்ளே ஓடு என்று சொல்ல வேண்டிய பயம் அவருக்குள் கட்டிப்போடப்பட்டிருந்தது. கடைசி முறை கதவை மூடியபோது அவர் அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்தார். எழவில்லை.

அவரோடு சேர்த்து மூன்று பேர் அன்றைக்கு இறந்தார்கள். மற்ற இருவரும் படுக்கையில் இருந்த முதியவர்கள். யாரும் வாய்விட்டு அழவில்லை. மற்றவர்கள் பிழைத்ததற்கு விலைபோல அந்தச் சாவுகளை எல்லோரும் சர்வசாதாரணமாக ஏற்றுக்கொண்டதைப் பார்த்து வசந்தாமணி மட்டும் ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதாள்.

வெயில் இறங்கி வீடு திரும்பிச் சில நாட்கள் கழித்து, மாத்திரையின் வேகம் முற்றிலும் தீர்ந்த பிறகுதான் குடியிருப்புக்கு அந்தப் பயம் வந்தது. முதலில் துளசி. பகல் பொழுதில், துணி துவைத்துக்கொண்டிருந்தவள் திடீரென்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினாள். பிறகு ஒவ்வொரு வீடாக. வேலுச்சாமி சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையை உதறிவிட்டு எழுந்து, வாசலிலும் கொல்லையிலும் கதவுகளைத் திறந்துவைத்தான். திரும்பி வந்து மகளின் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தான். அப்புறம் மனைவியின் காலடியில் உட்கார்ந்துகொண்டான்.

"நீ சொன்னே மணி. செத்துருவோம்னு சொன்னே. நான் சீட்டைக் கலைச்சுட்டு இருந்தேன்."

அவன் பற்கள் அடித்துக்கொண்டன. அவள் அவன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். மரியாதையான மனிதர். அவள் எடுத்துவைத்திருந்த குருணையை வாங்கிப் பார்த்துவிட்டு, கதவுகள் திறந்து கிடந்ததால் பிறகு கெட்டிருக்கலாம் அல்லவா என்று கேட்டார். மூட்டைகளை எலி கடித்தது எப்போது என்று யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார். அக்கரை நிழலறையைப் பற்றி அவள் சொன்னபோது, அதைச் சொன்னவர் இப்போது இல்லையே என்றார். கடைசியாக, அன்று மாத்திரை போட்டிருந்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றாள்.

"அப்ப நீங்க பயந்திருந்தீங்க."

"ஆமாங்க. பயந்துதான் இருந்தேன்."

அவர் அதை மட்டும் எழுதிக்கொண்டதுபோல் அவளுக்குப் பட்டது. மருந்து உட்கொள்ளாத ஒருவரின் பீதியால் கதவு திறக்கப்பட்டு மூவர் இறந்தனர் என்று முடிவு வந்தது. இளைப்பு உள்ளவர்களும் உட்கொள்ளக்கூடிய புதிய மாத்திரையும், கைக்குழந்தைகளுக்கு ஒரு சொட்டு மருந்தும் அடுத்த கோடைக்குள் தயாராகிவிடும், இனி ஒருவருக்கும் விலக்கு கிடையாது என்றும் அறிவித்தார்கள். நிழலறைக்குப் புதுச் சுண்ணாம்பு வந்தது. சாமான் அறையில் எலிப்பொறி வைத்தார்கள். வாயுவின் அளவு காட்டும் பலகையை மட்டும் யாரும் மாட்டவில்லை.

அடுத்த ஏப்ரல் கடைசியிலேயே சங்கு ஊதிவிட்டது. வசந்தாமணிக்குப் போகாமல் இருக்க வழியில்லை. மிதுனாவின் கையைப் பிடித்துக்கொண்டு, வேலுச்சாமிக்குப் பின்னால் வரிசையில் நின்றாள். தெருவே கொதித்தது. முன்னால் துளசி, நடக்கப் பழகியிருந்த குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு நின்றாள்.

வாசலில் எஸ்தர் இருந்தாள். இதுவரை வந்த கோடைகளில் மற்றவர்களுக்குத் தருவதற்கு முன்னால், எல்லோரும் பார்க்க, முதல் மாத்திரையைத் தானே விழுங்குகிறவள். வசந்தாமணியின் முறை வந்தது. எஸ்தர் மாத்திரையை எடுத்து அவள் நாக்கில் வைத்தாள். வைத்த விரல்கள் கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருந்தன. வசந்தாமணி நிமிர்ந்து பார்த்தாள். நர்ஸின் கண்கள் கதவையும் உள்ளே தெரிந்த சுண்ணாம்புச் சன்னலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தன.

எஸ்தர் தண்ணீர் தரவில்லை. வாயைத் திறந்து காட்டச் சொல்லவும் இல்லை.

"உள்ள போங்க," என்றாள் தாழ்ந்த குரலில். "கதவுப் பக்கமாவே உக்காருங்க. சாவி வேலுச்சாமி அண்ணன்கிட்டக் குடுத்திருக்கேன்."

வசந்தாமணி உள்ளே நுழைந்து வாயைத் துடைப்பதுபோல மாத்திரையை முந்தானையில் துப்பி முடிந்துகொண்டாள். முன்னால் போனவர்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் சீட்டுக்கட்டை எடுக்கவில்லை. ஒருவரும் படுக்கவில்லை. அத்தனை முகங்களும் வெளிறிப்போய், அத்தனை கண்களும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தன. மிதுனாவின் கை அவள் கைக்குள் வியர்த்து நடுங்கியது. வசந்தாமணி மகளை இழுத்து அணைத்துக்கொண்டு, அவர்களுக்கு நடுவே இடம் பார்த்து உட்கார்ந்தாள்.